லட்லோவைக் கொன்றது நெடுஞ்சாலையா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிராண்ட் கேன்யனுக்குக் காரில் போகும் வழியில், மொஹாவி பாலைவனத்தில் லட்லோ என்ற இடத்தில் பெட்ரோல் போட நிறுத்தியிருக்கிறீர்கள். பெட்ரோல் பங்க்கிலிருந்து கொஞ்சம் தள்ளி கூரையில்லாத சுவர்கள், பூட்டிக் கிடக்கும் ஓர் உணவகம், பெயரில்லாத மரச்சிலுவைகளோடு ஒரு கல்லறைத் தோட்டம், பக்கத்தில் நிற்காமல் ஓடும் சரக்கு ரயில்கள். தண்ணீரே இல்லாத இந்த இடத்தில் ஊர் எப்படி வந்தது, புது நெடுஞ்சாலை வந்ததால்தான் செத்துப்போனதா என்று கேட்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஆமாம் பாதிக்கும் கீழேதான் சரி என்பது என் கருத்து. அதை விளக்க முதல் கேள்வியிலிருந்து வரவேண்டும், ஏனென்றால் இந்த ஊர் எதனால் பிழைத்தது என்று தெரிந்தால்தான் எதனால் போனது என்று தெரியும்.

நான் ரயில் பாதைகளின் வடிகால் வேலை பார்ப்பவன். தெற்குக் கலிஃபோர்னியாவில் 24 வருடமாக இதே தொழில், அதில் பெரும்பகுதி பார்ஸ்டோவுக்கும் நீடில்ஸுக்கும் நடுவில் உள்ள பாலைவனத்தில்தான் கழிந்தது. அதனால் பாதை, பாலம், தண்ணீர் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். தங்கச் சுரங்கம் பற்றிச் சொல்வது படித்ததும், இடத்தைப் போய்ப் பார்த்ததும் மட்டுமே. அங்கே ஒரு சுரங்கப் பொறியாளர் என்னைத் திருத்தினால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1882-83ல் சதர்ன் பசிபிக் கம்பெனி மொஹாவி ஊரிலிருந்து கிழக்கே கொலராடோ ஆற்றங்கரையில் உள்ள நீடில்ஸ் வரை பாதை போட்டது. பின்னால் அது சாண்டா ஃபே ரயில்வேயின் கைக்கு வந்தது, இன்று நீங்கள் பார்க்கும் சரக்கு ரயில்கள் ஓடுவதும் அதே தடத்தில்தான். அந்தப் பாதையில் எஞ்சினுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு நிறுத்தம் வேண்டியிருந்தது, அதுதான் லட்லோ. ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்த வில்லியம் லட்லோ என்பவரின் பெயரை வைத்தார்கள். இந்தப் பாதை நிலையங்களுக்கு ஆங்கில எழுத்து வரிசையில் பெயர் வைத்தார்கள், லட்லோ அதில் ஒன்று என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. அந்த வரிசை ஆம்பாயில் தொடங்கி கிழக்கே கேடிஸ், டான்பி, எஸ்ஸெக்ஸ், ஃபென்னர், காஃப்ஸ் என்று போகும். லட்லோ ஆம்பாய்க்கு மேற்கே இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் கொடுக்கவென்று வைத்த நிறுத்தத்தில் தண்ணீர் கிடையாது. மேற்கே முப்பது மைல் போல தள்ளியிருக்கும் நியூபெரி ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து தொட்டி வண்டிகளில் நிரப்பி ரயிலிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். எஞ்சினுக்கும் அந்தத் தண்ணீர்தான், குடிக்கவும் குளிக்கவும் அந்தத் தண்ணீர்தான். அப்படியானால் ஏன் அங்கே நிறுத்தம் வைத்தார்கள், ஊற்று இருக்கும் இடத்திலேயே வைத்திருக்கலாமே என்று தோன்றும். அதற்குப் பதில் எஞ்சினின் வயிற்றில் இருக்கிறது. அந்தக் காலத்து எஞ்சினுக்குப் பின்னால் இணைந்திருக்கும் டெண்டர் என்ற தண்ணீர் வண்டி 3,000 கேலனை ஒட்டித்தான் கொள்ளும். சுமையோடு ஏற்றம் ஏறும் எஞ்சின் மைலுக்கு 50 கேலனிலிருந்து 100 கேலன் வரை குடிக்கும். கணக்குப் போட்டால் முப்பது, ஐம்பது மைலுக்கு ஒரு தடவை நின்றே ஆகவேண்டும். கிழக்கேயிருந்து வரும் ரயில், இதே பாலைவனப் பாதையில் உள்ள பாக்தாத் என்ற நிலையத்திலிருந்து ஆஷ் ஹில் உச்சி வரை ஆயிரம் அடிக்கு மேல் ஏறிவிட்டுத்தான் லட்லோவில் இறங்குகிறது. அங்கே வந்து சேரும்போது அதற்கு நாக்கு வறண்டிருக்கும். அந்த இடத்தில் தொட்டி இல்லாமல் முடியாது, ஊற்று எங்கே இருந்தாலும் சரி.

இன்னொன்றும் உண்டு. பாலைவனத்தில் தோண்டினால் சில இடங்களில் தண்ணீர் வரும், ஆனால் வருவது உப்பும் காரமும் கரைந்த தண்ணீர். அதைப் பாய்லரில் விட்டால் இரண்டு கெடுதல். ஒன்று, கொதிக்கும்போது நுரை கட்டிக்கொண்டு ஆவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போய் எஞ்சினையே உடைக்கும். இன்னொன்று, குழாய்களின் மேல் உப்பு காரையாகப் படியும். வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே விஷயம்தான், ஆனால் விரல் தடிமனுக்குப் போகும். அதனால் நல்ல ஊற்று எங்கே இருக்கிறது என்பது அந்தப் பாதையில் தங்கத்தைவிடப் பெரிய செய்தி.

தங்கம் என்றதும் அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டோம். ஊருக்குத் தெற்கே எட்டு மைலுக்கும் குறைவான தூரத்தில் பாக்தாத்-சேஸ் சுரங்கம் இருக்கிறது. 1900ஐ ஒட்டிய சில வருடங்களில் வேலை தொடங்கியது. லட்லோ இருக்கும் சான் பெர்னார்டினோ கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) மிக அதிகத் தங்கம் கொடுத்த சுரங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். தங்கத்தோடு செம்பும் வந்தது. இதைக் கண்டுபிடித்தவர் ஜான் சூட்டர் என்ற ரயில் பாதை மேற்பார்வையாளர், அவர் தண்ணீர் தேடிப் போன இடத்தில் தங்கம் கிடைத்தது என்பது எல்லோரும் சொல்லும் கதை. அவர் பெயரில் எனக்குச் சந்தேகமில்லை. ‘தண்ணீர் தேடினார், தங்கம் கிடைத்தது’ என்பதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் கேட்கிறேன். பாலைவனத்தில் பாதிச் சுரங்கங்களுக்கு இப்படி ஒரு கதை உண்டு: காணாமல் போன கழுதை, தடுக்கிய கல், தண்ணீர் தேடிய ஆள். நடந்திருக்கவும் நடந்திருக்கலாம், ஏனென்றால் லட்லோவில் வேலை பார்த்த பாதை மேற்பார்வையாளருக்குத் தண்ணீர் தேடுவதைவிட முக்கியமான வேலை எது?

சுரங்கத்துக்கென்றே 1903ல் லட்லோ அண்ட் சதர்ன் என்று ஒரு குட்டி ரயில் பாதை போட்டார்கள். தாதுவை லட்லோவுக்குக் கொண்டுவந்து, அங்கே சாண்டா ஃபே வண்டியில் ஏற்றி, பார்ஸ்டோவில் இருந்த ஆலைக்கு அனுப்பினார்கள். தாதுவைப் பொடித்துத் தங்கம் பிரிக்கத் தண்ணீர் நிறைய வேண்டும். பார்ஸ்டோவில் மொஹாவி ஆறு மணலுக்கடியில் ஓடுகிறது, லட்லோவில் ஒன்றுமில்லை. மலையைத் தோண்டி எடுத்த கல்லை அப்படியே ஐம்பது மைலுக்கு மேல் இழுத்துப்போவது லாபமாக இருக்கவேண்டுமென்றால் ரயில் கட்டணம் மலிவாக இருக்கவேண்டும், கல்லில் தங்கம் போதுமான அளவு இருக்கவேண்டும். இரண்டில் ஒன்று ஆட்டம் கண்டால் கதை முடிந்தது. முதல் உலகப் போர்க் காலத்திலேயே அந்தக் குட்டி ரயில் ஓய்ந்துவிட்டது, சுரங்கம் அப்புறம் விட்டு விட்டு நடந்தது.

லட்லோவை ஊராக்கியது உண்மையில் மூன்றாவது ரயில். வெண்காரம் என்று நாம் சொல்லும் போராக்ஸ் வியாபாரத்தில் ராஜாவாக இருந்தவர் ஃபிரான்சிஸ் மரியன் ஸ்மித். அவருடைய பழைய சுரங்கம் தீர்ந்துகொண்டிருந்தது. டெத் வேலிக்குப் பக்கத்தில் லைலா சி என்ற புதுச் சுரங்கம் கையில் இருந்தது, ஆனால் வெளியே கொண்டுவர வழியில்லை. ஓல்டு டைனா என்ற நீராவி டிராக்டரை வைத்து இழுத்துப் பார்த்தார், அது நடுவழியில் படுத்துவிட்டது. அந்த நேரம் நெவாடாவில் டோனோபா, கோல்டுஃபீல்டு, புல்ஃபிராக் என்று அடுத்தடுத்து வெள்ளியும் தங்கமும் கிடைத்துக்கொண்டிருந்தன. 1904ல் ஒரு ரயில் கம்பெனி ஆரம்பித்தார், பெயர் டோனோபா அண்ட் டைட்வாட்டர். டைட்வாட்டர் என்றால் கடற்கரை. பெயரில் உள்ள இரண்டு இடத்துக்கும் அந்த ரயில் கடைசிவரை சொந்தத் தண்டவாளத்தில் போய்ச் சேரவில்லை.

ஸ்மித் முதலில் தேர்ந்தெடுத்தது லட்லோவை அல்ல, லாஸ் வேகஸை. அங்கே சால்ட் லேக் ரயில் பாதையை முடித்திருந்தவர் வில்லியம் ஏ. கிளார்க், செம்புச் சுரங்கக் கோடீஸ்வரர், மொன்டானாவின் செனட்டர். ஸ்மித்தின் ஆட்கள் 1905ல் வேகஸிலிருந்து பன்னிரண்டு மைல் போல தண்டவாளத்துக்கான மண் கரைமேடு போட்ட பிறகு, தன் பாதையோடு இணைக்க விடமாட்டேன் என்றார் கிளார்க். தானே நெவாடாவுக்கு ஒரு பாதை போட முடிவு செய்துவிட்டார் என்பதுதான் விஷயம். முன்னால் கிளார்க் வாக்குக் கொடுத்துவிட்டு மீறினார் என்று ஸ்மித்தின் பக்கம் சொன்னது. என்னைப் பொறுத்தவரை, எழுத்தில் இல்லாத வாக்கு பற்றி ஒருதரப்பு சொல்வதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. விளைவு மட்டும் உறுதி. ஸ்மித் போட்ட மண்ணைக் கிளார்க்கிடமே விற்றுவிட்டு, 1905 முடிவதற்குள் மூட்டைமுடிச்சோடு லட்லோவுக்கு வந்து வடக்கே தண்டவாளம் போட ஆரம்பித்தார். ஒரு பணக்காரரின் பிடிவாதத்தால் லாஸ் வேகஸுக்குப் போகவேண்டிய பட்டறையும் அலுவலகமும் லட்லோவுக்கு வந்தன.

இந்தப் பாதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். லட்லோவிலிருந்து பிராட்வெல் வறண்ட ஏரியின் மேலேயே போகிறது. குருசெரோவில் கிளார்க்கின் பாதையையே குறுக்கே வெட்டிக்கொண்டு, சில்வர் லேக் என்ற இன்னொரு வறண்ட ஏரியைத் தாண்டி, அமர்கோசா பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. அது வரை மளமளவென்று போன வேலை அந்தப் பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டது. 1906 கோடை வெயிலில் ஆட்கள் வந்த வேகத்தில் ஓடிப்போனார்கள். வெட்டும் நிரப்புமாக, மரப் பாலம் மரப் பாலமாகத் தாண்டி வெளியே வர 1907 ஆகிவிட்டது. இதற்குள் கிளார்க்கின் ரயில் 1906 டிசம்பரிலேயே புல்ஃபிராக் பகுதியின் பெரிய ஊரான ரையோலைட்டுக்குள் நுழைந்துவிட்டது. ஸ்மித்தின் தண்டவாளம் பக்கத்தில் உள்ள கோல்டு சென்டரைத் தொட்டது 1907 அக்டோபர் 30. அதே அக்டோபரில் நியூயார்க்கில் வங்கிகள் ஆட்டம் கண்டு, சுரங்கப் பங்குகளில் போட்ட பணம் வெளியேற ஆரம்பித்தது. பத்து மாதம் பிந்திப் போனவர், சந்தை கலையும் நேரத்தில் கடை விரித்த மாதிரி ஆயிற்று.

இருந்தாலும் சுமார் 170 மைல் பாதை உயிரோடு இருந்தது, ஏனென்றால் ஸ்மித்திடம் தங்கத்தைவிட நிதானமான சரக்கு இருந்தது. வெண்காரம் தினமும் வந்தது. லட்லோவில் அதைச் சாண்டா ஃபேக்கு மாற்றினார்கள். வடக்கே போகும் மரம், உணவு, எந்திரம், ஆட்கள் எல்லாம் லட்லோவில் இறங்கி மாறித்தான் போகவேண்டும். எஞ்சின் பட்டறை, தொட்டி, அலுவலகம், சம்பளம் வாங்கும் குடும்பங்கள் என்று ஊர் நிரம்பியது இந்தக் காலத்தில்தான். நீங்கள் பார்த்த சுவர்களில் பெரியது அநேகமாக மெர்க்கன்டைல் கட்டடமாக இருக்கும். 1908ல் கட்டிய பலசரக்குக் கடை. மர்ஃபி சகோதரர்கள் நடத்தினார்கள். சுற்றிலும் மரப் பலகை வீடுகள் இருந்த ஊரில் அதை மட்டும் கான்கிரீட்டில் கட்டினார்கள். நூறு வருடம் இந்த ஊர் இருக்கும் என்று யாரோ நம்பிக் கட்டிய சுவர் அது, அதனால்தான் எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். 1999 அக்டோபர் 16 அதிகாலை அந்தப் பக்கம் 7.1 அளவில் நிலநடுக்கம் வந்தது, ஹெக்டர் சுரங்க நிலநடுக்கம் என்பார்கள். லட்லோ பக்கத்தில் ஒரு பயணிகள் ரயிலே தடம் புரண்டது. அந்த மாதிரி அதிர்ச்சிகளில் சுவர் நிறைய உதிர்ந்துவிட்டது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஊர் ஒரே அடியில் சாகவில்லை. முதலில் சுரங்கத்து ரயில் போனது. 1913ல் ஸ்மித் கடனில் மூழ்கித் தன் வெண்கார சாம்ராஜ்யத்தையே இழந்தார், ஆனால் கம்பெனியும் ரயிலும் வேறு கைகளில் ஓடின. பெரிய அடி 1927. மொஹாவியின் மேற்குப் பகுதியில், இப்போது போரான் என்று சொல்லும் இடத்தில், பிரதான ரயில் பாதையை ஒட்டியே பிரம்மாண்டமான வெண்காரப் படிவத்தில் வேலை தொடங்கினார்கள். டெத் வேலிச் சுரங்கங்களை மூடிவிட்டு மொத்தமாக அங்கே போய்விட்டார்கள். சரக்கு இல்லாத ரயிலுக்கு லட்லோவில் என்ன வேலை? 1933ல் லட்லோவுக்கும் குருசெரோவுக்கும் நடுவில் ஓட்டத்தை நிறுத்தினார்கள், பட்டறை வடக்கே டெத் வேலி ஜங்ஷனுக்குப் போனது. 1940 ஜூனில் மிச்சமிருந்த பாதையும் நின்றது, போருக்கு இரும்பு வேண்டுமென்று 1942-43ல் தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துப் போனார்கள்.

நடுவில் ஒன்று. மழையே பெய்யாத இடத்தில் வடிகால் பொறியாளனுக்கு என்ன வேலை என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். லட்லோவுக்குக் கிழக்கே உள்ள பாக்தாதில் 1912 அக்டோபரிலிருந்து 1914 நவம்பர் வரை தொடர்ந்து 767 நாள் ஒரு துளி மழை பதிவாகவில்லை. அமெரிக்காவில் இதுவரை அதுதான் மிக நீண்ட வறட்சிப் பதிவு. அது முடிந்து இரண்டு வருடத்துக்குள், 1916ல் மொஹாவி ஆறு பெருகி சில்வர் லேக் நிஜ ஏரியாகி, ஸ்மித்தின் பாதை தண்ணீருக்குள் போய், தண்டவாளத்தைக் கரையோரமாக மாற்றிப் போட வேண்டிவந்தது. 1938 மார்ச் வெள்ளம் இன்னும் மோசம், ரயிலை மூடிவிடலாம் என்று கம்பெனி அனுமதி கேட்டதே அதற்கப்புறம்தான். பாலைவனத்தில் மண் கெட்டித்துக் கிடப்பதால் மலையில் விழும் மழை உள்ளே இறங்காது, மணல், கல், செடி எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டு சமவெளிக்கு வரும். இன்றைக்கும் ஆம்பாய்ப் பக்கம், சிகாகோவையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் இணைத்த பழைய 66ஆம் சாலையோரம் மண் கரைகள் கோணல்மாணலாக நிற்பதைப் பார்க்கலாம், அந்த வெள்ளத்தைப் பாலத்துக்குள் திருப்பிவிடக் கட்டியவை.

சரி, ரயில் போன பிறகும் லட்லோ ஏன் உடனே காலியாகவில்லை என்றால், அதற்கு 1926ல் வந்த 66ஆம் சாலை காரணம். கார்களும் அந்தக் காலத்தில் நீராவி எஞ்சின் மாதிரிதான், ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிடும், தண்ணீரும் பெட்ரோலும் டயரும் வேண்டும், இரவில் பாலைவனத்தைத் தாண்டுபவர்களுக்குச் சாப்பாடு வேண்டும். நீங்கள் பார்த்த பூட்டிய உணவகம் அந்தக் காலத்து வருமானத்தில் பிழைத்தது. ஆனால் பிரதான ரயில் பாதையிலேயே இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது, அதை யாரும் கவனித்துச் சொல்வதில்லை. சாண்டா ஃபே 1940களில் டீசல் எஞ்சின்களை வாங்கியபோது, சரக்கு ரயிலுக்கான டீசல்களை முதலில் விட்டது இந்தப் பார்ஸ்டோ - வின்ஸ்லோ பாலைவனப் பகுதியில்தான். காரணம் தண்ணீர், நீராவி எஞ்சினுக்காகத் தொட்டி வண்டிகளில் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்த செலவு மொத்தமும் மிச்சம். டீசலுக்குத் தாகம் இல்லை, லட்லோவில் நிற்கவேண்டிய அவசியமும் இல்லை. தொட்டியும், தொட்டியைப் பார்த்துக்கொண்டவர்களும் தேவையில்லாமல் போனார்கள். என் கணக்கில் ஊரின் அஸ்திவாரம் அப்போதே போய்விட்டது.

அதற்கப்புறம் 1970களின் தொடக்கத்தில், நீங்கள் கேட்ட அந்தப் புது நெடுஞ்சாலை, 40ஆம் நெடுஞ்சாலை வந்தது. அது மற்ற ஊர்களை விட்டதைப் போல லட்லோவை முழுதாக விட்டுவிட்டும் போகவில்லை. ஒரு இறங்குவழி கிடைத்ததால்தான் நீங்கள் அங்கே பெட்ரோல் போட முடிந்தது. ஆம்பாயையும் பாக்தாதையும் நெடுஞ்சாலை பல மைல் தள்ளிவிட்டுப் போனது. பாக்தாதில் இன்று ஒரு சுவர்கூட இல்லை. ஆகவே நெடுஞ்சாலை லட்லோவைக் கொன்றது என்பதைவிட, அதில் மிச்சமிருந்த நாலு கடையைக் காப்பாற்றி வைத்திருப்பதே நெடுஞ்சாலைதான் என்று சொல்வேன். இது என் தீர்ப்பு. 66ஆம் சாலையை நேசிப்பவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்களோடு எனக்குப் பலமுறை வாக்குவாதம் நடந்திருக்கிறது. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, சாலையோரக் கடைகள் வரிசையாக மூடியது நெடுஞ்சாலை வந்த பிறகுதான். நான் சொல்வது அதற்கு நாற்பது வருடம் முன்பே ஊரின் பெரிய பகுதி போய்விட்டது என்பதைத்தான்.

கல்லறைத் தோட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்தச் சிலுவைகள் மரம். வெயிலில் பெயின்ட் போய்விடும், பெயரும் போய்விடும், மரம் மட்டும் உளுக்காமல் நிற்கும், அங்கே ஈரம் இல்லாததால். சுரங்கத் தொழிலாளர்கள், கொள்ளைநோயில் இறந்தவர்கள் என்று வலைத்தளங்களில் தாராளமாக எழுதுகிறார்கள். பெயரில்லாத சிலுவையைப் பார்த்து ஒருவர் எப்படி இறந்தார் என்று சொல்லும் யாரையும் நான் நம்புவதில்லை.

இன்னொரு தடவை போனால் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் போங்கள், ஆளுக்கு ஒரு கேலன் தண்ணீர் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள், ஓடும் பாதைப் பக்கம் போகாதீர்கள், அந்த ரயில்கள் வேகமாக வரும். ஊரிலிருந்து வடக்கே பிராட்வெல் ஏரிப் பக்கம் போனால் ஸ்மித்தின் கரைமேடு இருக்கிறது. நான் முதல் தடவை போனபோது அரை மணி நேரம் அதன் மேலேயே நின்றுகொண்டு அதைத் தேடினேன். காலுக்கடியில் ஊதா நிறக் கண்ணாடித் துண்டு ஒன்று கிடந்தது. பழைய பாட்டில்களில் மாங்கனீசு சேர்ப்பார்கள், வருடக்கணக்கில் வெயில் பட்டால் அது ஊதாவாக மாறும், முதல் உலகப் போருக்கு முந்திய கண்ணாடி என்பதற்கு அது நல்ல அடையாளம். எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள், அரசு நிலத்தில் கிடப்பதை எடுத்துவர அனுமதி இல்லை. மத்தியான வெளிச்சத்தில் அந்த மேடு கண்ணுக்கே தெரியாது. சூரியன் சாயும்வரை காத்திருந்தீர்களானால், சிலீப்பர் கட்டைகள் கிடந்த பள்ளங்களில் நிழல் விழுந்து, ஏணி படுத்துக்கிடப்பது போல வரி வரியாகச் சில இடங்களில் பாதை தெரியும்.